பத்தொன்பதாம் தேதி போன கால்

துரைசாமியின் வலது கால் போனது எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் பத்தொன்பதாம் தேதி. சண்டை முடிந்ததோ பதினேழாம் தேதி. கால் இரண்டு நாள் அவசரப்பட்டிருந்தால், அவர் மகள் விஜயாவின் பி.எஸ்ஸி. படிப்புக்குச் சர்க்காரே சம்பளம் கட்டியிருக்கும்.

ஏழு வருஷம் கழித்து, படைவீரர் நல ஆபீஸில் வங்காளி குமாஸ்தா கோஷ் பாபு இதை மண்கோப்பைத் தேநீரை ஊதிக்கொண்டே விளக்கினார். "போரில் ஊனமுற்றவர் பிள்ளைகளுக்குத்தான் சலுகை, தாதா. உங்க டிஸ்சார்ஜ் புஸ்தகத்துல வெறும் 'டிசம்பர் 71'னு இருக்கு. தேதியை நீங்களே கைப்பட எழுதிக் கொடுங்க. சண்டை நடந்த நாளா இருந்தா சரி."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அது விபத்து" என்றார் கோஷ் பாபு. சொன்னபோது அவர் துரைசாமியின் கட்டைக்காலைப் பார்க்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

கல்லூரியில் பணம் கட்டச் சனிக்கிழமை கடைசி நாள். பௌதிகம் ஆனர்ஸில் இடம் கிடைத்த பெண், கிடர்பூர் துறைமுக வாசலில் லாரிச் சீட்டுப் பார்க்கும் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்காமல் இருந்ததுதான் துரைசாமிக்குத் தாங்கவில்லை.

பவானிபூரில், ஒரு டிபன் கடைக்கு மேலே, தென்னிந்திய முன்னாள் படைவீரர் ஐக்கிய சங்கம் இருந்தது. அதன் செயலாளர் பட்டாபிராமனை எல்லோரும் 'கேப்டன் சார்' என்பார்கள். அந்தப் பதவியை ராணுவம் கொடுக்கவில்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட் கொடுத்தது. பதினான்கு வருஷம் ஜபல்பூரில் அரிசி, பருப்புக் கிடங்கில் இருந்தவர். அவர் நேருக்கு நேர் சந்தித்த எதிரி எலிதான். ஆனாலும் 'களத்தில் நாங்கள்' என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார்.

"இதுக்கா ஓய் முகத்தைத் தொங்கப் போட்டுண்டு வந்தீர்?" என்றார் பட்டாபிராமன். "பதினாலுன்னு எழுதும். பதுங்குகுழியைப் பாய்ஞ்சு பிடிக்கறச்சே குண்டு பட்டுதுன்னு நான் சர்ட்டிபிகேட் தரேன். மேல ஒரு கர்னல் கையெழுத்து வாங்கித் தரவேண்டியது என் பொறுப்பு."

"நான் எந்தக் குழியையும் பிடிக்கல சார். கண்ணிவெடி எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"அதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது. ஆகஸ்ட் பதினஞ்சு விழாவுக்குப் பெரிய மனுஷா வரா. மேடையில முதல் நாற்காலி உமக்கு. சால்வை உண்டு. ஒண்ணே ஒண்ணு, பேண்ட் போட்டுண்டு வராதேயும். வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்தா கட்டைக்கால் போட்டோவில நன்னா விழும்."

துரைசாமி தலையாட்டிவிட்டு வந்தார். பொண்ணு படிச்சா போதும், தேதி பதினாலா இருந்தா என்ன, பத்தொன்பதா இருந்தா என்ன என்றுதான் டிராமில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் பாரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். 'ஒன்று' எழுதினார். அடுத்த எண் வரவில்லை. மை சொட்டி விழும் போலிருந்தது.

"என்னப்பா?" என்றாள் விஜயா.

"பதினாலுன்னு எழுதச் சொல்றாரு கேப்டன்."

"எழுதுங்களேன். அஞ்சு நாள்தானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"சண்டைக்கு முன்னாடி நம்ம ஆளுங்களே கோதுமை வயல்ல கண்ணிவெடி புதைச்சாங்க. புதைச்சா வரைபடத்துல குறிக்கணும். எத்தனை வரிசை, எத்தனை அடின்னு. திரும்ப எடுக்கிறவன் அந்தக் காகிதத்தை நம்பித்தான் காலெடுத்து வைப்பான். உத்தரவு பதினோரு வரிசைக்கு. போட்டவன் மீந்ததை வச்சுப் பன்னிரண்டாவதா ஒண்ணு போட்டுட்டான். உத்தரவும் படமும் ஒத்துப் போகட்டும்னு பதினொண்ணுன்னே எழுதிட்டான். யாருக்கு என்ன நஷ்டம்னுதான் நினைச்சிருப்பான்."

அவர் கட்டைக்காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"பதினோரு வரிசை எடுத்தோம். முடிஞ்சுதுன்னு சிவராமகிருஷ்ணன் சிரிச்சுக்கிட்டே முன்னால நடந்தான். சேலத்துக்காரன். நான் பின்னால. எனக்குக் கால்தான் போச்சு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கைவண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனான். விஜயா பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, அதிலிருந்த 'ஒன்றை'ப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அப்பாவின் விரல்களுக்கிடையே வைத்தாள்.

"ஒன்பதுன்னு போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பாரம் திரும்பி வந்தது. சனிக்கிழமை பௌதிக இடம் வேறொருத்திக்குப் போயிற்று. விஜயா, காலை ஆறு மணிக்குத் தொடங்கும் பெண்கள் வகுப்பில், செலவு குறைந்த பி.ஏ.வில் சேர்ந்தாள். பத்தரைக்கு மேல் ஜம்புநாதன் மளிகைக் கடையில் பில் போட்டாள். ஆகஸ்ட் பதினைந்தில் முதல் நாற்காலி காலியாகக் கிடந்தது. வாங்கிய சால்வையை வீணாக்கக் கூடாதென்று பட்டாபிராமன் தம் தோளிலேயே போர்த்தச் செய்து, களத்தில் நாங்கள் என்று தொடங்கினார்.

மறு வருஷம் ஜூலையில் துரைசாமி மறுபடி பாரம் கொடுத்தார். கூடவே ஒரு கடிதம்: போட்ட கண்ணிவெடியை எடுத்து முடிக்கும்வரை சண்டை முடிந்ததாகாது, மேலிடத்தில் கேட்டுச் சொல்லவும். திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் கொடுத்தார். கோஷ் பாபு தேதியைப் பார்த்து, பத்தொன்பதுதானா என்று இந்தியில், "உன்னீஸ்?" என்பார். "உன்னீஸ்" என்பார் இவர். அவ்வளவுதான் பேச்சு.

நான்காம் முறை போனபோது விஜயா பட்டம் வாங்கியாகிவிட்டது. கோஷ் பாபு கண்ணாடியைக் கழற்றினார். "தாதா, உங்க பொண்ணு படிச்சு முடிச்சாச்சே? இனிமே கிடைச்சும் உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு இல்லை, பாபு. அதே நாள்ல செத்தவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கும் சேலத்துல ஒரு பொண்ணு. இப்ப பதினொண்ணாவது படிக்குது. என் தேதி செல்லும்னு ஆனா, அவன் தேதியும் செல்லும்."

கோஷ் பாபுவின் மேஜையில் இரண்டு தட்டுகள் உண்டு. வலது பக்கத்துத் தட்டு மேலிடத்துக்கு அனுப்புவதற்கு, இடது பக்கத்துத் தட்டு திருப்பி அனுப்புவதற்கு. மூன்று வருஷமாகத் துரைசாமியின் பாரம் அதில்தான் விழுந்தது. கோஷ் பாபு தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"அவர் பேரைச் சொல்லுங்க" என்றார். "மெதுவா. ஒரு எழுத்தும் தப்பாகக் கூடாது."