செய்தித் தமிழில் ஓர் அழைப்பு

1

இந்தக் கதை ஒரு கழிப்பறைக் கதவிலிருந்து வந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக். கதவின் உட்புறம் நான்கு மொழிகளில் சுவரொட்டி. தமிழில்: ‘உங்களுடன் நெருக்கமாக இருந்த ஒருவருக்குப் பால்வினை நோய் இருக்கலாம். பரிசோதித்துக்கொள்ளுங்கள்.’

இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பகலில் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த காலம். அன்று நான் எதற்காக அங்கே போனேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை. ‘ஒருவர்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணா பெண்ணா தெரியாது. யாராகவும் இருக்கலாம். இவ்வளவு மரியாதையான ஒரு சொல்லுக்கு நான் பயந்ததே இல்லை.

2

ஃபர்சானா போனை எடுத்தபோது வெளியே மழை

(வேண்டாம். மழை பெய்தால் நீங்கள் இளகிவிடுவீர்கள்.)

மறுபடியும். ஃபர்சானாவின் வேலை, கெட்ட செய்தி சொல்வது. நோய் உறுதியானவர்கள் தங்களோடு படுத்தவர்களின் எண்களைக் கொடுப்பார்கள். அவள் அந்த எண்களை அழைத்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல், பரிசோதனைக்கு வரச் சொல்வாள்.

அன்று பிற்பகல் திரையில் வந்த எண் அவளுக்கு மனப்பாடம். அக்கா மர்யமின் கணவன், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ரமீஸ். எண்ணைக் கொடுத்தவரின் நோய்: சிபிலிஸ். பேசும் மொழி: தமிழ்.

மர்யம் மாசமாக இருக்கிறாள்.

(ஊசியில் தீரும் நோய்தான். தீர்க்காமல் விட்டால் வயிற்றுப் பிள்ளையையும் பிடிக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த சோதனையில் மர்யமுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் என்ன வந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது.)

3

இங்கே எனக்கு ஃபர்சானாவின் மேல் சந்தேகம் வருகிறது. தெரிந்தவர் என்றால் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் பிரிவின் விதி. இவள் ஏன் ஒப்படைக்கவில்லை? அவளை நல்லவளாக்க ஒரு காரணம் எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். உண்மைக் காரணம் சின்னது. தமிழில் அழைக்க அங்கே இன்னொருத்திதான் இருக்கிறாள். அவள் மர்யமோடு பள்ளியில் படித்தவள்.

4

குரலை மறைக்க அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது: செய்தி வாசிப்பவர்களின் தமிழ். வீட்டில் யாரும் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

“வணக்கம். திரு ரமீஸ் அவர்களா?”

“ஆமா. ஸ்கேம் காலா? ராங் ஆளுக்குப் போட்டுட்டீங்க லா, எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

“பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து அழைக்கிறேன், ஐயா. தனியாக இருக்கிறீர்களா?”

“என்னங்க, நியூஸ் வாசிக்கிறீங்க! சொல்லுங்க, கடைல யாருமில்ல.”

“உங்களுடன் நெருக்கமாக இருந்த ஒருவருக்கு சிபிலிஸ் உறுதியாகியுள்ளது. நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.”

சிரிப்பு நின்றது.

“யாரு அந்த ஒருவர்?”

“சொல்ல அனுமதி இல்லை.”

“ஆம்பளையா பொம்பளையா? அதையாச்சும் சொல்லுங்க.”

எத்தனை பேர் இருந்தால் ஒருவன் இப்படிக் கேட்பான்?

“இயலாது, ஐயா.”

“வீட்டுக்குப் போன் பண்ணுவீங்களா? வைஃப் மாசமா இருக்காங்க. தெரிஞ்சா செத்துருவாங்க.”

“நாங்கள் சொல்ல மாட்டோம். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் பரிசோதனை அவசியம். குழந்தைக்காக.”

“சரி, பாக்குறேன்.”

அந்தப் ‘பாக்குறேன்’ அவளுக்குத் தெரியும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அக்கா சொல்லும்போதெல்லாம் வருவது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

“பாக்குறேன்னா எப்ப மச்சான்?”

மறுமுனையில், மிக மெதுவாக, “ஃபர்சானா?”

அவள் துண்டித்தாள்.

5

அந்த ‘மச்சானை’ இரண்டு முறை அழித்தேன். அழித்தால் கதை பத்திரமாக இருந்தது, அதனாலேயே செத்துக் கிடந்தது. திரும்ப எழுதிவிட்டேன்.

இனி அவள் அக்காவிடம் சொல்லலாம். சொன்னால், பெயர் வெளியே போகாது என்று ஊருக்குக் கொடுத்த வாக்கு உடையும். விஷயம் பரவினால், அடுத்து வருபவர் எண் கொடுக்க மாட்டார். அந்தக் கொடுக்காத எண்ணின் பின்னாலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். அவளுக்கு யார் அக்கா, யார் தங்கை என்று நமக்குத் தெரியாது. இதை உட்கார்ந்து எழுதுவது எனக்கு எளிது. மர்யம் எனக்கு அக்கா இல்லை.

முடிவு அ: ரமீஸ் பயந்துபோய் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுகிறான். அரசாங்கத் துண்டுப்பிரசுரங்கள் இப்படித்தான் முடியும். என்னால் நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: அவன் வீட்டில் வாயே திறப்பதில்லை. பிள்ளை பிறக்கும் அன்று மருத்துவர்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

6

ஃபர்சானாவின் கைப்பைக்குள் அவளுடைய சொந்தப் போன் அடிக்கிறது. திரையில் ‘லாத்தா’. அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ரமீஸ் எதையாவது சொல்லியிருக்கலாம். தான் தப்பிக்க வேறொரு கதை கட்டியிருக்கலாம். அல்லது அக்கா வெறுமனே, “ஃபர்சானா, ராத்திரி சாப்பிட வர்றியா?” என்று கேட்கப்போகிறாள்.

என்னால் இதை எடுக்க முடியவில்லை. போனை உங்கள் கையில் தருகிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது, எடுங்கள்.

எந்தத் தமிழில் பேசப்போகிறீர்கள்?