சம்பந்தியம்மாவின் கிளட்ச்

பெண் கொடுத்த வீட்டில் போய்க் குறை சொல்வது லேசான காரியமா? அதுவும் சம்பந்தியம்மாவின் காலைப் பற்றி!

மெக்கானிக்கின் சம்பந்தியம்மா பல் டாக்டர். வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில், விமானம் வராத பழைய ஓடுதளத்தில் கார் பந்தயம் ஓட்டுவார். பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் போட்டி. பின்சீட்டைக் கழற்றிப்போட்ட பழைய காருக்கு எஞ்சின் வேலையெல்லாம் மெக்கானிக்தான்.

"போன வாரம் பச்சை விழுந்ததும் அழுத்தினேன் சம்பந்தி. எஞ்சின் ஊரையே கூட்டுது, கார் மட்டும் நகரலாமா வேண்டாமான்னு யோசிக்குது. ஒரே தீஞ்ச வாடை வேற."

மெக்கானிக் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் எஞ்சின் குலுங்கி நின்றிருக்கும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச் வழுக்குகிறது.

கிளட்ச் தட்டு புதுசு. இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததென்றால், பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டியிருக்க வேண்டும். வேறு யாராவது என்றால், "கால் அங்கேயே குடியிருக்கா?" என்று கேட்டிருப்பார். இங்கே தொண்டையைச் செருமினார்.

"ஓட்டும்போது... இடது காலை எங்க வச்சுக்குவீங்க?"

"கழட்டி டிக்கியில வச்சிடுவேன். நேராவே கேளுங்க சம்பந்தி. பெடல்ல கால் வச்சு ஓட்டுற பழக்கம் எனக்கில்ல."

வாசலில் நின்ற மெக்கானிக்கின் மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விட்டாள்.

அவர் குனிந்து பெடலைக் கையால் அழுத்தினார். முதலில் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டியது, தொட்டதுமே விறைத்தது. பானட்டைத் திறந்து கிளட்ச் கேபிளைப் பார்த்தார். நட்டில் புதுக் கீறல்.

"இதை யாரோ முறுக்கியிருக்காங்க."

"நான்தான் மாமா," என்றார் பின்னால் நின்ற மாப்பிள்ளை. "பெடல் லூசா இருந்துச்சு. அம்மாவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

சம்பந்தியம்மாவையாவது கேட்டுவிடலாம். மாப்பிள்ளையை என்ன சொல்வது?

"கொஞ்சம் தாராளமா முறுக்கிட்டீங்க மாப்பிள்ளை. கேபிள் இழுத்தே இருந்தா, அரைக் கிளட்ச் மிதிச்சுக்கிட்டே ஓட்டுற மாதிரி. தட்டு தேயாம என்ன செய்யும்?"

"நல்ல பல்லைப் பிடுங்கி வச்சிருக்கடா!" என்றார் டாக்டர் மகனிடம். "சட்டையைக் கழட்டிட்டு வண்டிக்கு அடியில போ."

"ஐயோ, மாப்பிள்ளையைப் போய்..."

"என் பிள்ளை சம்பந்தி, நான் சொல்றேன்."

இருவரும் அடியில் புகுந்தார்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், தட்டு ரிவெட் ஆணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. புதுத் தட்டைப் பொருத்திக் கியர்பாக்ஸை மறுபடி ஏற்றும்போது மாப்பிள்ளையின் கை நழுவியது. மொத்தக் கனமும் மாமனார் நெஞ்சில் இறங்கியது.

"டேய்! தூக்குடா, தடிப்பயலே!"

சத்தம் கேட்டு மகள் வெளியே ஓடி வந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"தூக்கிட்டேன் மாமா," என்றது அடியிலிருந்து ஒரு குரல். "போல்ட்டை மாட்டுங்க."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மாலையில் அதே சோதனை. எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் முதல் சுற்றில் கார் சக்கரம் கீச்சிடப் பாய்ந்து ஜெயித்தது. இரண்டாவதில் டாக்டர் விளக்கைப் பார்ப்பதில் தாமதித்துத் தோற்றார்.

"இதுக்கு வண்டி மேல பழி போட முடியாது," என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஆமா, முடியாது," என்றார் மெக்கானிக், இந்தமுறை தொண்டையைச் செருமாமல்.