உபத்திரவம்

கோவளத்து லாட்ஜில் வேல்சாமியை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தை டைப் அடித்தவன் நான். நடந்தது எழுபத்தெட்டில். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேல்சாமிக்கு ரூம் பாய் என்று பேர், வயது நாற்பது. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். காலை ஆறு மணிக்கு அறை அறையாகக் கதவைத் தட்டி டீ கொடுக்க வேண்டும், அது நிர்வாகத்தின் உத்தரவு. ஏழாம் நம்பர் அறையில் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா தங்கியிருந்தாள். அவள் புகார்ப் புத்தகத்தில் தன் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிவைத்தாள்: வேல்சாமி தினமும் காலையில் என்னை 'மொலெஸ்ட்' செய்கிறான், தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆங்கிலம் படித்த எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், பெண்ணிடம் முறைகேடாக நடப்பது. மேனேஜர் நாகேஸ்வரன் கொல்லத்துக்காரர். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கூச்சமாம். வேல்சாமியிடம் கேட்க மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. சமையல்காரர், தோட்டக்காரர், பெருக்கும் பெண்கள் எல்லாரையும் வரவழைத்து, நடுவில் அவனை நிறுத்தி மலையாளத்தில் கேட்டார்.

"நீ மதாம்மையை உபத்ரவிச்சோடா?"

வேல்சாமி தலையைச் சொறிந்தான். "ஆமா சார், கொஞ்சம் உபத்திரவந்தான்."

மேற்கொண்டு சொல்ல வாய் திறக்குமுன் கன்னத்தில் அறை விழுந்தது. உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்கிறோமே, தமிழில் அவ்வளவுதான் அந்தச் சொல், வெறும் தொந்தரவு. மலையாளத்தில் ஒரு பெண்ணை உபத்ரவித்தான் என்றால் கேட்டவன் கையை ஓங்கிவிடுவான். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான் என்று கடிதத்தில் சேர்க்கச் சொன்னார் மேனேஜர். சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. பக்கத்து ஓட்டலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி பூமாரியையும் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த டீச்சரம்மா சிரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தாள். இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன், நன்றி என்றாள். வேல்சாமியை அனுப்பிவிட்டோம் என்றேன்.

"எதற்கு? டீ கொண்டுவந்ததற்கா?"

புகார்ப் புத்தகத்தை விரித்து, அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று சொன்னேன். அறைக்கு ஓடிப் போய் ஓர் அட்டையை எடுத்துவந்தாள். மாட்ரிட் ஓட்டல் ஒன்றில் கதவுப் பிடியில் தொங்கவிடுவதாம். மேலே 'நோ மொலெஸ்தார்', கீழே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும், தொந்தரவு செய்யாதீர்கள். லத்தீன் கொடுத்த சொல், தொல்லை என்றுதான் அங்கே பொருள் என்றாள். போர்ச்சுக்கீசியன் அதை நோய் ஆக்கினானாம். ஆங்கிலேயனும் முன்பு தொந்தரவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், பிறகு கெடுத்தான் என்று நான் பிற்பாடு அகராதியில் பார்த்தேன். அந்த அம்மாள் சொல்லும்போதே அழுதாள். வேல்சாமி ஒரு தப்பும் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

நாகேஸ்வரன் அதைப் படித்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்ஷே, அவன் சம்மதிச்சதல்லே தாணு?" என்று என்னைக் கேட்டார்.

அவன் ஒப்புக்கொண்டது தமிழ் உபத்திரவத்தை என்று கத்தினேன். இத்தனை பேர் முன்னால் அடித்துவிட்டு இனி எப்படி மாற்றிச் சொல்வது என்றார். மானம் அவருக்கு மட்டும்தான் இருக்கிறது போல. கடிதத்தை ரத்து செய்யவில்லை. மாட்ரிட் அட்டை மாதிரியே இரண்டு டஜன் அடிக்க அச்சகத்துக்கு ஆள் அனுப்பினார்.

அந்த அம்மாள் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு விழிஞ்ஞத்தில் வேல்சாமி குடியிருந்த அறைக்குப் போனேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், திரும்பவில்லை. சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த பூமாரியிடம் ஸ்பானிஷ், லத்தீன், மலையாளம் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. உங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்லா சார்? அவுகளை அடிக்கையில நீங்க அங்கதான நின்னிய?"

"நின்னேன்" என்றேன்.