மேல் தெளிவு

அந்தக் குப்பத்தில் தண்ணீர்க் குண்டானைக் கலக்கினால் பிள்ளைகளுக்கு முதுகில் ஒன்று விழும். லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய பாக்கியம். மற்ற நாளெல்லாம் கைப்பம்பில் அடித்த பழுப்புத் தண்ணீர்தான். அதைக் குண்டானில் ஊற்றி ராத்திரி முழுக்க ஆடாமல் அசையாமல் வைத்திருந்து, விடிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொம்பால் அலுங்காமல் மொண்டுகொள்வார்கள். அடியில் தங்கிய மண்டியை வாசலில் கொட்டிவிடுவார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு நடை வருகிறதோ இல்லையோ, இந்தப் பாடம் வந்துவிடும்.

பூபதி செய்த காரியம் புரிய வேண்டுமானால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அவனுக்கு ஒரே மகள், காவியா. ஆறு வயது. போன வருஷம் அவளுக்கு வலிப்பு வந்தது. முதல் தடவை பள்ளிக்கூடத்தில், இரண்டாவது தடவை சோற்றுத் தட்டுக்கு முன்னால். மூன்றாவது தடவை படகு கட்டும் இடத்தில், முழங்கால் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தாள். அப்பா பத்தடி தள்ளி வலை உதறிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டாளி நீலமேகம் பார்த்துத் தூக்கியிராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும். தண்ணீரில் உதறிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்கள் இன்றைக்கும் பூபதியின் கண்ணை விட்டுப் போகவில்லை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக்கொடுத்தார்கள். இளஞ்சிவப்புத் திரவம். காலை ஏழு மணிக்கு ஐந்து மில்லி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்து மில்லி, குறைந்தது மூன்று வருஷம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கொடுக்கும்போதெல்லாம் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும் என்று மருந்து கொடுத்தவர் இரண்டு முறை சொன்னார். பூபதியின் மனைவி நந்தினி அதை அவனிடம் நாலு முறை சொன்னாள். அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறவள். காலை ஏழு மணிக்கே வேன் ஏறினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் இறங்குவாள். அதனால் இரண்டு வேளையும் மருந்து கொடுப்பது பூபதியின் பொறுப்பாகிவிட்டது.

வலிப்பு நின்றது. எட்டு மாதம் ஒரு முறைகூட வரவில்லை. அதற்காகக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், பூபதியும் கும்பிட்டான். ஆனால் காவியாவும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனாள். ஏலம் விடுகிறவரின் குரலை அப்படியே எடுத்து நண்டையும் மடவை மீனையும் கூவிக் கூவி விற்று விளையாடிய வாயாடி அவள். இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யோசித்துவிட்டுத் திரும்பினாள். தூங்குமூஞ்சி என்று பிள்ளைகள் பேர் வைத்தார்கள். அதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இன்னாமே, பொண்ணு இப்பிடி கெடக்குது," என்றான் பூபதி ஒருநாள்.

"உசுரோட கெடக்குதுல்ல," என்றாள் நந்தினி. "எனக்கு அது போதும்."

போதும் என்று சொன்னவள்தான், ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை வாரும்போது பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். இதை டாக்டரிடம் சொல்லலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களிடம் போய்ப் பிள்ளை பாடவில்லை என்று புகார் சொல்ல எந்த வாய் வரும்?

ஒவ்வொரு வேளையும் பூபதி பாட்டிலைக் குலுக்குவான். கோடு போட்ட மூடியில் ஊற்றி நீட்டினால் காவியா மறுபேச்சில்லாமல் வாயைத் திறப்பாள். அரை மணி நேரத்தில் அவள் கண் சொக்கும். என் பிள்ளையை நானே தினம் இரண்டு வேளை இப்படி ஆக்குகிறேனே என்று நினைப்பான். உடனே தண்ணீரில் உதறிய கால்கள் ஞாபகம் வரும். மறு வேளைக்கு மூடியைத் திறப்பான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

ஒருநாள் காலையில் புதுப் பாட்டிலைக் கையில் எடுத்தவன், வெயில் பட்ட வாக்கில் அதைப் பார்த்தான். ராத்திரி முழுக்க ஜன்னலில் அசையாமல் நின்ற மருந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே வெளுத்த தெளிவு. அடியில் சேறு போல இளஞ்சிவப்பு மண்டி.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தான். பிள்ளையை அமுக்குகிற சனியன் இந்த மண்டிதான். இதைப் போய்க் குலுக்கி, கலக்கி, எட்டு மாதமாக அவள் வாயில் ஊற்றியிருக்கிறேன். குலுக்கச் சொன்னவர்களுக்கு என்ன தெரியும், மெஷினில் வடித்த தண்ணீர் குடிக்கிறவர்கள். பாட்டிலை அலுங்காமல் சாய்த்தான். குண்டானில் சொம்பு விடுகிற அதே பக்குவத்தோடு மேல் தெளிவை மட்டும் மூடியில் இறக்கினான்.

"இன்னா நைனா, கலக்கலியா?" என்றாள் காவியா மெதுவாக.

"அடியில இருக்குதே, அது அழுக்கு. அது உன் வாயில படவே கூடாது. உனக்கு மேல் தெளிவு மட்டுந்தான். அம்மாகிட்ட சொல்லிக்காத, இன்னா?"

அவள் தலையாட்டினாள்.

ஐந்தாம் நாள் காவியா பாடினாள். எட்டாம் நாள் வாசலில் நின்று, "கிலோ நானூறு, நானூறு, யாரு கேக்குறது," என்று ஏலம் கூவினாள். பூபதி வலையைக் கீழே போட்டுவிட்டு நானூற்றைம்பதுக்குக் கேட்டான். இந்தக் காசுக்குக் கருவாடுகூடக் கிடைக்காது என்று மகள் அவனை விரட்டியடித்தாள். அன்று அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நந்தினி வேனிலிருந்து இறங்கும்போது மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். "அம்மனுக்கு வேண்டிக்கினு இருந்தேன்யா. கண்ணத் தொறந்துட்டா," என்றாள் நந்தினி. பூபதி ஆமாம் என்றான். அம்மன் பேரில் பழியைப் போடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

பதினோராம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த காவியாவின் கை வெடுக்கென்று உதறியது. சோறு சிதறியது. கண் ஒரு நொடி எங்கேயோ நிலைத்து நின்று திரும்பியது. பூபதி பார்த்தான். தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது காலை பத்து மணி.

பதினேழாம் நாள் அவனுடைய பாடு வந்தது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அதைத்தான் பாடு என்பார்கள். தன் பாட்டை விட்டவன் அடுத்த முறைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், யாரும் இரக்கப்பட்டு நாள் மாற்றித் தர மாட்டார்கள். பூபதிக்கு இந்தத் தடவை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விழுந்திருந்தது. நந்தினி கம்பெனியில் லீவு சொன்னாள்.

கிளம்பும்போது பாட்டிலை எடுத்துப் பார்த்தான். தெளிவெல்லாம் தீர்ந்து, அடியில் இரண்டு விரல்கடை மண்டிதான் மிஞ்சியிருந்தது. அதைக் கொட்டிவிட்டு அடுத்த பாட்டில் வாங்கி வருவதாக இருந்தான், அதற்குள் பாடு வந்துவிட்டது. இப்போது கொட்டினால் நந்தினி ஏன் என்று கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் நாளையிலிருந்து அவளே குலுக்கிக் குலுக்கி ஊற்றுவாள், மகள் மறுபடியும் சுவரில் சாய்ந்துவிடுவாள்.

"டேய் பூபதி, தண்ணி வத்துது, வரியா இன்னாடா," என்று படகிலிருந்து நீலமேகம் கத்தினான்.

ரெண்டு நாள்தானே, மிஞ்சிப்போனால் தூங்குவாள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பூபதி நினைத்தான். பாட்டிலை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் படகுக்கு ஓடினான்.

மூன்றாம் நாள் மதியம் கூடை நிறைய இறாலோடு கரையேறினான். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு சாந்தி, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"போன் போட்டுப் போட்டுப் பாத்தோம்ணா, உனக்கு டவரே கெடைக்கல. கொழந்த நேத்துல இருந்து வாந்தி. நிக்க முடியல, குடிச்சவங்க மாதிரி சாயுது. காலைல நூத்தியெட்டுல ஏத்தினு போயிருக்குது நந்தினி."

கூடையைச் சாந்தியின் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான். மண் படிந்த அரை டிராயரோடுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான்.

காவியா கட்டிலில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் கருவிழி இரண்டும் ஓரத்துக்கும் நடுவுக்குமாக ஆடிக்கொண்டே இருந்தது. நைனா என்று சொல்ல வந்தவள் நாக்கு புரளாமல் நிறுத்திக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து மூடியைக் கையில் பிடித்தபடி நந்தினி நின்றாள். அவளிடம் ஒரு டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரத்தத்துல மருந்து ரொம்ப ஏறியிருக்கும்மா. ஒழுங்கா சொல்லுங்க. எத்தனை மில்லி ஊத்தினீங்க?"

"அஞ்சுதாங்க. கோடு பாத்துதாங்க ஊத்தினேன். கெட்டியா இருந்துச்சு, கை வலிக்கிற வரைக்கும் குலுக்கிதாங்க குடுத்தேன்."

"அஞ்சு குடுத்தா இவ்வளவு ஏறாது. பெத்த பிள்ளை விஷயத்துல பொய் சொல்லாதீங்க."

வார்டில் இருந்த மற்ற தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். நந்தினி மூடியைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். "ஒருவேள நான்தான் கோட்ட தப்பா பாத்துட்டனா," என்றாள் பூபதியிடம். "யோவ், என் கையாலயே குடுத்துட்டேன்யா."

டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்தார். "சரி, அளவு சரின்னு சொல்றீங்க. அப்படின்னா இந்த அளவையே பாப்பா உடம்பு தாங்கலன்னுதான் எடுத்துக்கணும். ரெண்டு மூணு நாள் நிறுத்தி வெச்சுட்டு, அப்புறம் பாதியா குறைச்சிடலாம்."

பாதி. பூபதியின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் துள்ளியது உண்மை. எட்டு மாதமாக அவன் மனதுக்குள் கேட்டதை டாக்டரே தன் கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறார். அவன் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பிள்ளை பாடும். பழி நந்தினியோடு இருக்கும், நாலு மாதம் அழுவாள், பிறகு ஆறிவிடுவாள்.

பதினோராம் நாள் சிதறிய சோறு ஞாபகம் வந்தது. அதற்கும் பின்னால், தண்ணீரில் உதறிய கால்கள். அடுத்த தடவை நீலமேகம் பக்கத்தில் இருக்க மாட்டான்.

"டாக்டரம்மா," என்றான். "பாதி எழுதாதீங்க. அவ மேல தப்பு இல்ல. நான் குலுக்கல."

"இன்னாது?" என்றாள் நந்தினி.

"பதினேழு நாளா குலுக்காம, மேல இருக்கிற தெளிவ மட்டும் குடுத்தேன். அடி மண்டிதான் பிள்ளைய அமுக்குதுன்னு நெனைச்சேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை, சோர்ந்துபோன குரலில்தான் பேசினார். "மேல இருக்கிறது கிட்டத்தட்ட வெறும் தண்ணிங்க. நீங்க மண்டின்னு சொல்றீங்களே, அதுதான் மருந்து. பதினேழு நாள் நீங்க குடுக்காத மருந்த இந்தம்மா ரெண்டு நாள்ல குடுத்திருக்காங்க. பிள்ளை மந்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா வேற மருந்து பாத்திருக்கலாமே?"

"மாத்த முடியுங்களா? இப்ப மாத்துங்களேன்."

"இப்ப எதையும் மாத்த முடியாது. இந்த நிலைமை முழுசா தெளியணும். ஒரு ரெண்டு மாசமாவது பழைய அளவே போகட்டும். அதுக்கப்புறம் வாங்க, பாக்கலாம்."

அவர் போன பிறகு நந்தினி பூபதியின் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"அவ பாடினாளே, அது அம்மனால இல்ல," என்றாள் அவள்.

"இல்ல."

"பாட்டில் அடியில கெட்டியா இருக்கிறத நானும் பாத்தேன்யா. போன ஞாயித்துக்கெழமையே பாத்தேன். கேக்கல. கேட்டா அவ மறுபடியும் பழையபடி ஆயிடுவாளோன்னு பயமா இருந்துச்சு." மூடியை அவன் கையில் திணித்தாள். "இனிமே நான் தொட மாட்டேன். நீயே குடு."

ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்; அங்கே நிறுத்தி வைத்திருந்த மருந்தை மறுநாளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். காவியாவின் கண் ஆட்டம் நின்றிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடைதான் இன்னும் தள்ளாடியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூபதி புதுப் பாட்டிலை எடுத்தான். அடி மண்டி முழுக்கக் கரையும்வரை குலுக்கினான். மகள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, கலக்காத," என்றாள்.

"கலக்கினாதாம்மா மருந்து."

"கலக்கினா அழுக்கு மேல வந்துடும். என் வாயில படக்கூடாதுன்னு சொன்னல்ல."

"அது அழுக்கில்லடா கண்ணு. நைனாதான் தப்பா சொல்லிட்டேன்."

அவள் அவனையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உதட்டை உள்ளுக்கு மடித்துப் பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டாள். எட்டு மாதம் ஒரு வேளைகூட முரண்டு பிடிக்காத பிள்ளை. அவன் கெஞ்சினான். பிஸ்கட் வாங்கித் தருவதாகச் சொன்னான். தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினான். உதடு திறக்கவில்லை. வாசலில் நந்தினியின் வேன் ஒரு தடவை ஹாரன் அடித்து, காத்திருந்து, போய்விட்டது.

நந்தினி வந்து கீழே உட்கார்ந்தாள். மகளை மடியில் இழுத்துப் போட்டு இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பூபதி மகளின் மூக்கைப் பிடித்தான். திமிறினாள், உதைத்தாள், முகம் சிவந்தது. மூச்சுக்காக வாய் திறந்தபோது ஊற்றி, விழுங்கும்வரை தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தாள். அழவில்லை. சுவரைப் பிடித்து நடந்துபோய் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் அவள் கண் சொக்கியது. பூபதி பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு மூடியைக் கழுவினான். சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு வேளை இருந்தது.