நாலு மணி அடிப்பதற்கான அரசாணை

கல்வி அமைச்சர் வேதமூர்த்திக்கு ஒரே மகள். பெயர் சுகந்தி. மூன்றாம் வகுப்பு. இருபத்தாறு வருடமாக அவளுக்குப் பள்ளி விடவில்லை.

அது தொடங்கிய நாளில் அவர் உரக்கடையில் வேலை பார்த்தார். மகளை அழைத்துப் போக வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். நாலு மணி ஆயிற்று. மணி அடிக்கவில்லை. தலைமையாசிரியை எஸ்தர் ராணி எட்டிப் பார்த்தார்.

"மேலேருந்து உத்தரவு வரல சார். அமைச்சர் கையெழுத்து வேணும்."

"எந்த அமைச்சர்?"

"போடுறவர்தான்."

மனு கொடுத்தார். அமைச்சர்கள் மாறினார்கள். மனு மாறவில்லை. தானே அமைச்சராகிவிடுவது சுலபம் என்று ஒரு நாள் தோன்றியது. கட்சியில் சேர்ந்தார். கொடி கட்டினார், சுவரில் சுண்ணாம்பு அடித்தார். கவுன்சிலர் ஆனார். எம்.எல்.ஏ. ஆனார். மனைவி தினமும் நாலேகாலுக்குப் பால் காய்ச்சி ஆற்றி வைத்தாள். பிறகு ஆற்றி வைக்க அவள் இல்லை.

அமைச்சரானதும் முதல் கையெழுத்தை அந்த ஆணையில் போட்டார். தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

பள்ளி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஜன்னலில் ஒரு ரெட்டைச் சடை தெரிந்தது. காலையில் வைத்த எண்ணெய் இன்னும் காயவில்லை.

"மணியை அடிங்கம்மா."

எஸ்தர் ராணி ஆணையை இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரிதாங்கய்யா. ஆனா மந்திரி உள்ள இருக்கறப்ப பிள்ளைங்கள விடறதில்ல. நீங்க கிளம்பினாத்தான்."

"நான் அவ அப்பா."

"அப்பான்னா கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

எப்படிப் பார்த்தாலும் வெளியே போக வேண்டியிருந்தது. காரில் ஏறினார். பின்னால் ஆறு கார்கள் வந்தன. திருப்பம் தாண்டியதும் மணி கேட்டது.

இறங்கி ஓடினார். தெரு வந்ததைவிட நீளமாக இருந்தது. வேட்டி தடுக்கியது. ஆறு கார்க்காரர்களும் இறங்கிக் கூடவே ஓடினார்கள்.

பிள்ளைகள் கலைந்திருந்தார்கள். சுகந்தி மட்டும் பையோடு நின்றாள்.

"சுகந்தி!"

அவள் விறைப்பாக நின்றாள். "வணக்கம், மாண்புமிகு அமைச்சர் ஐயா."

"நான் அப்பாதான்டா கண்ணு."

அவள் அவரைப் பார்த்தாள். பின்னால் மூச்சு வாங்கியவர்களைப் பார்த்தாள்.

"எங்கப்பா தனியாத்தான் வருவாரு."

"என்கூட வீட்டுக்கு வர்றியாம்மா?"

"தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது. அப்பா சொல்லியிருக்காரு."

சொன்னது அவருக்கு நினைவிருந்தது. முடி பின்னிவிட்டுக்கொண்டே சொன்னார். அவள் இரண்டு முறை திருப்பிச் சொன்னாள்.

"நேரமாச்சே. வரலன்னா?"

"வருவாரு. ஒரு நாளும் லேட்டானதில்ல."

கூட வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டை நீட்டினார். அமைச்சர் வாங்கிக்கொண்டார்.

"ஐயா," என்றாள் சுகந்தி, எட்டிப் பார்த்தபடி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரோடு மறைக்குது."

அமைச்சர் தள்ளி நின்றார்.