மூடியதை எண்ணாத பெட்டி

"ஒரு வாரத்துல இருநூத்திப் பதினாலு தடவை, டாக்டர்!" என்றார் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவிலான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார்.

லிஃப்ட் கதவு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுகிற பெட்டி அது. எண் ஏற ஏற, கதவின் உருளைகளை மாற்றும் நாள் நெருங்குகிறது என்று பொருள். எங்கோ கழற்றிப் போட்ட ஒன்றை எடுத்துவந்து, போன வாரம் வீட்டு ஃபிரிட்ஜின் கீலுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அந்த விஷயம் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"இவ பதினெட்டு கிலோ குறைச்சா, டாக்டர். நான் தெருவெல்லாம் பெருமையடிச்சேன். அஞ்சு மாசத்துல ஏழு கிலோ திரும்ப வந்து உக்காந்துடுச்சு. கேட்டா, சொன்ன அளவுதான் சாப்பிடறேங்கறா. பெட்டி பொய் சொல்லுமா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வீட்டைப் பூட்டும்போதே சொன்னேன்ல? இன்னிக்கும் பேச்சு வாங்கினா இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்னு. திட்டறதுக்கா கூட்டிட்டுப் போறேன்னு கேட்டீங்களே, இதைப் பையில வச்சுக்கிட்டேவா கேட்டீங்க?"

"இரும்மா. உன் நல்லதுக்குத்தான்..."

"திருடிக்கு வைக்கற பொறியில என்னங்க நல்லது?"

"உக்காருங்கம்மா," என்றார் டாக்டரம்மா. "போறதுன்னா போகலாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. இந்த இருநூத்திப் பதினாலுல உங்களோடது எத்தனை?"

அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவர் பாலுக்கும் தண்ணிக்கும் திறந்தது நாப்பது இருக்கும். தண்ணி பாட்டிலை எடுத்தா திரும்ப வைக்கறதுக்கு ஒரு தடவை, மூடி போட மறந்து இன்னொரு தடவை. மீதி என்னோடதுதான். மறைக்கல."

"அத்தனை தடவையும் சாப்பிட்டீங்களா?"

"மூணு வேளைச் சாப்பாட்டுக்குத் திறப்பேன். அதுக்கு மேல இந்த வாரம் ஏழெட்டுத் தடவை கை வச்சிருப்பேன்."

"மத்ததெல்லாம்?"

"திறப்பேன். பார்ப்பேன். மூடிடுவேன்."

மெக்கானிக் நிமிர்ந்தார். "சாப்பிடலேன்னா எதுக்குத் திறக்கணும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் டாக்டர்கிட்ட வர்றேன்? வயிறு நிறையச் சாப்பிட்டு அரை மணி ஆயிருக்காது, ரெண்டு நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். தையல் மெஷின்ல உக்காந்து ஒரு கர்ட்டனுக்கு ஓரம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள மூணு தடவை எழுந்து போறேன். திறந்ததை உங்க பெட்டி எண்ணிடுச்சு. நான் மூடினதை யாருங்க எண்ணினா?"



"லிஃப்டுல எடை பார்க்கற சென்சார் இருக்குல்ல?" என்று டாக்டரம்மா மெக்கானிக்கைக் கேட்டார்.

"தரைக்கு அடியில இருக்கும். ஆள் அதிகமானா மணி அடிக்கும்."

"உடம்புலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு. கொழுப்புலேருந்து ஒரு ஹார்மோன் மூளைக்குப் போய், கையிருப்பு இவ்வளவு இருக்குன்னு சொல்லிட்டே இருக்கும். இவங்க பதினெட்டு கிலோ குறைச்சதும் அந்தத் தகவல் சட்டுன்னு குறைஞ்சுபோச்சு. நமக்கு அது வெற்றி, மூளைக்கு அது பஞ்சம். உடனே, தேடு, சாப்பிடுன்னு விரட்டும். வயித்துலேருந்து பசியைக் கிளப்பற இன்னொரு ஹார்மோனும் கூடிடும். போதாததுக்கு, உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கும். முன்னே மாதிரியே சாப்பிட்டாலும் கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வச்சுக்கும்."

"எத்தனை நாளைக்கு, டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு வருஷம் கழிச்சும் அந்தப் பசி அடங்காதவங்க நிறையப் பேர்."

மெக்கானிக் யோசித்தார். "அப்ப சென்சார் ரிப்பேருங்கறீங்க."

"ரிப்பேர் இல்ல. அது ஒழுங்காத்தான் வேலை செய்யுது. பழைய எடைதான் சரியான எடைன்னு அதுல பதிஞ்சுபோயிருக்கு."

"திருப்பி செட் பண்ணிடலாமே."

"ஸ்பேனர் போட்டுத் திருப்பற இடம்னா உங்களையே கூப்பிட்டிருப்பேன். பசியைக் குறைக்கற மருந்து இருக்கு, பார்ப்போம். மெதுவாத்தான் ஆகும். நடுவுல ஏறினாலும் இறங்கினாலும் யாரும் யாரையும் குத்தவாளி ஆக்காம இருந்தா, இவங்க தொடர்ந்து வருவாங்க. வர்றதை நிறுத்தினா என் கையில ஒண்ணுமில்ல."

மெக்கானிக் மேசையிலிருந்த பெட்டியை எடுத்து, எண் தெரியாதபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"முப்பது வருஷமா லிஃப்ட் பார்க்கறேன். மணி அடிச்சா நான் தரைக்கு அடியிலதான் குனிஞ்சு பார்த்திருக்கேன். உள்ளே நிக்கறவங்களைத் திட்டினதே இல்ல," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று சொல்லமுடியாது.

 அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து, கூடத்து ஜன்னலோரம் வரைக்கும் ஒயர் இழுத்து, புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் மாட்டினார். அடுக்களையில் ஃபிரிட்ஜை ஒட்டி நின்ற தையல் மெஷினை இருவருமாக நகர்த்தி ஜன்னலடியில் போட்டார்கள்.

"பத்து வருஷமா அங்கே பிளக் இல்லேன்னு நான் கரடியாக் கத்தினேன். அப்பெல்லாம் காது கேக்கல."

"இப்ப கேட்டுச்சுல்ல? விடு."

அவள் ஒரு கர்ட்டனை விரித்துத் தைக்க ஆரம்பித்தாள். பாதி ஓரம் போயிருக்கும். ஊசியை நிறுத்திவிட்டு எழுந்தாள். இப்போது கூடத்தைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. அவர் திருப்புளியைத் துடைத்தபடி தலை நிமிராமல் இருந்தார்.

ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம். கொஞ்சம் அமைதி. பிறகு மூடும் சத்தம்.

"ஒண்ணு," என்றார் அவர்.

"என்ன ஒண்ணு?"

"மூடினது. அதை எண்ணற பெட்டி எங்க கம்பெனில இல்ல. ஆள்தான் எண்ணணும்."

"எண்ண வேணாம். பகல்ல பத்து மணி நேரம் வெளியே இருக்கற ஆளு, கணக்குத் தப்பாத்தான் வரும்," என்றாள் அவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அடுத்த தடவை டாக்டர் எப்ப வரச் சொன்னாங்க?"

"அடுத்த மாசம் நாலாம் தேதி."

"அன்னிக்கு லீவு போடுங்க. தனியா போக மாட்டேன்."