மொட்டு உதிர்க்கும் செம்பருத்தி

தங்கச்செல்வி விரல் வைத்ததுமே மொட்டு காம்போடு கழன்று தட்டில் விழுந்தது.

"என்ன பெரியம்மா, செடிக்குப் பவுடர் அப்பி விட்டிருக்கீக? பொண்ணு பாக்க வாராகளா?"

கோகிலாம்பாள் சிரித்தாள். "கோலமாவு தாயி. காத்துல பறந்து ஒட்டிக்கிடுது."

"ஒரு பூதான் தேறுச்சு. நாளைக்கு இதுவும் இல்லேன்னா நான் எதுக்கு மாடியேற?" என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கினாள். விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் கோகிலாம்பாளுக்குப் பகல் முழுக்க அது உறுத்தியது. கணவர் போனபின் பாலவனத்தத்தை விட்டு அருப்புக்கோட்டையில் இந்த மாடிவீட்டுக்கு வந்தவள் அவள். முகம் பார்த்துப் பேச இருப்பது கீழ்வீட்டுத் தங்கச்செல்வி ஒருத்திதான். அதுவும் சாமிக்குப் பூப்பறிக்க வரும் நேரம் மட்டும். அவள் போய்விட்டால் மறுநாள் காலைவரை வாய்க்கு வேலையில்லை.

வெயில் தாழ்ந்ததும் கணுவிலிருந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மாவென்றால் உலர்ந்து உதிர வேண்டும். இது நசுங்கிப் பிசுபிசுத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெள்ளைக்குள்ளே கால்கள் அசைந்தன.

மாவுப்பூச்சி. அப்பாவின் பருத்திக் காட்டில் பார்த்ததுதான். செம்பருத்தி பருத்திக்குப் பங்காளி. அங்கே வருவது இங்கேயும் வரும். அதன் உடம்பைப் போர்த்தியிருப்பது மெழுகு. அதனால்தான் தினமும் ஊற்றிய தண்ணீர் அதன்மேல் பட்டு உருண்டோடியிருக்கிறது. இளந்தண்டில் ஊசிபோல வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சும். மிஞ்சிய இனிப்பைத் துளித்துளியாக வெளியே விடும். அதைக் குடிக்க எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா இருக்காது. பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டும், குஞ்சுகளைத் தூக்கிப்போய்ப் புதுத்தளிரில் விடும். மாடு மேய்ப்பது மாதிரிதான்.

கடையில் விற்கும் கல்மாவை அவள் கையால் தொடமாட்டாள். வாயில்லா ஜீவன் தின்னட்டும் என்று பச்சரிசி மாவில்தான் கோலம், மாடியிலும் தொட்டிக்கு முன்னால் ஒன்று. மேய்ப்பவர்களுக்கு இத்தனை நாளும் சோறு போட்டிருக்கிறாள்.

துணி சோப்பைக் கரைத்து அடித்தால் மெழுகு விட்டுப்போகும், பூச்சி சாகும். ஆனால் நுனிக்கொத்துகளில் சோப்புத்தண்ணீர் நுழையாத அளவுக்கு அப்பிக் கிடந்தது. அவற்றை வெட்டத்தான் வேண்டும். மொட்டுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. வெட்டினால் மறுபடி பூக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். வெட்டாவிட்டால் இன்னும் நாலு பூ கிடைக்கும், பிறகு செடியே இருக்காது.

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு வெட்டினாள்.

காலையில் தட்டோடு வந்த தங்கச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தீ, மொட்டையடிச்சுட்டீகளே!"

"பூச்சி தாயி. தளுத்துரும். கொஞ்ச நாளாகும்."

"அதுக்கென்ன பெரியம்மா, பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுறேன்."

"சுக்குக்காப்பி போட்டிருக்கேன்..."

"நேரமாச்சு. இன்னொரு நாளு வாரேன்."

செருப்புச் சத்தம் கீழே இறங்கித் தெருவில் கலந்தது. கோகிலாம்பாள் சோப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கணுவாகத் துடைத்தாள்.

மறுநாள் விடிந்ததும், தங்கச்செல்வி படியேறி வரும் பக்கத்து மாடிக்கதவைத் திறந்தாள். வறண்ட காற்று அதை அறைந்து சாத்தியது. மீண்டும் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தாள். படிக்கட்டில் பாதிவரை வெளிச்சம் இறங்கி நின்றது.